ராத்திரி பத்து மணிக்கு ஒரு தெப்பக்குளம்

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் மூத்தவன் என்ன செய்தான் தெரியுமா? காலையில் கிரிக்கெட், மத்தியானம் டிவி, சாயங்காலம் தம்பியோடு அடிதடி. நடுவில் மூன்று தடவை நானே கேட்டேன், "வீட்டுப்பாடம் ஏதாச்சும் இருக்காடா?" "ஒண்ணுமே இல்லம்மா." ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைத்துப் படுத்த பிறகு போர்வைக்குள்ளிருந்து குரல் வருகிறது: "ம்மா... நாளைக்கு வண்டியூர் தெப்பக்குளம் கொண்டு போகணும். எல்லாப் பயலும் கொண்டு வாராய்ங்க."

கொண்டு போகணுமாம். தெப்பக்குளத்தை. என்னமோ டிபன் பாக்ஸ் மாதிரி.

மாடல் செய்யச் சொல்லிப் பத்து நாள் ஆகிறது. டைரியில் 'பெற்றோர் உதவியின்றி' என்று அடிக்கோடு வேறு. நாலாம் வகுப்புப் பையன் கையில் பிளேடைக் கொடுத்துத் தெர்மாகோல் வெட்டச் சொல்ல எந்த வீட்டில் தைரியம் இருக்கிறது? செய்யப்போவது யார் என்று மிஸ்ஸுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அப்புறம் எதற்கு இந்த நாடகம்? மார்க்கை நேராக அம்மாக்களுக்கே போட்டுவிடுங்களேன்.

பெயர்தான் தூங்கா நகரம். அந்த நேரத்துக்குப் பரோட்டா கிடைக்கும், தெர்மாகோல் கிடைக்காது. கடைசியில் ஃபிரிட்ஜ் வாங்கியபோது வந்த துண்டைப் பரணிலிருந்து இறக்கினேன்.

1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம் அது. மகால் கட்ட மண் எடுத்த பள்ளம் என்பார்கள். கிட்டத்தட்ட ஆயிரம் அடிக்கு 950 அடி. அவருக்கு வெட்ட ஆள் இருந்தது. எனக்கு இருந்தது ஒரு மொண்ணை பிளேடும், கட்டிலில் கிடந்தபடியே "மைய மண்டபம் இன்னும் கொஞ்சம் உசரம்" என்று மேற்பார்வை பார்த்த வீட்டுக்காரரும்தான். தண்ணீர் இல்லாத காலத்தில் உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடியவராம், அளவெல்லாம் அத்துப்படியாம். சரி, எழுந்து வந்து ஒரு படிக்கட்டாவது வெட்டலாமில்லையா? மொத்தம் 12 படிக்கட்டு. ஏழாவதில் என் விரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டேன். குளத்துக்குச் சொந்தக்காரன் அதற்குள் குறட்டை.

ஒரு மணிக்கு ஒருவழியாக முடிந்தது. தண்ணீருக்கு ஒட்ட நீலத்தாள் இல்லை, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

விடிந்து பார்த்தால் குளம் நிரம்பியிருக்கிறது! பளபளவென்று, கொழகொழவென்று. ஜிகர்தண்டா போடலாம் என்று கிண்ணம் நிறைய ஊறவைத்திருந்த பாதாம் பிசின் மொத்தமும் உள்ளே. இரண்டு சொட்டு நீல மை வேறு. "தண்ணி ஊத்துனா ஆட்டோல சிந்திரும்லம்மா, இது சிந்தாது" என்கிறான். கையை ஓங்கிவிட்டேன். அடிக்கத்தான் முடியவில்லை. நடுவில் சின்னவன் தீப்பெட்டியில் செய்த தெப்பம் அசையாமல் நிற்கிறது.

மிஸ் இரண்டு ஸ்டார் போட்டார்களாம். எதற்கு? தண்ணீருக்கு! என் படிக்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

சாயங்காலம் பால், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் எல்லாம் கலந்து ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தேன். மூத்தவன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்: "என்னம்மா, பிசினே போடல?"