கீழ்த்தளம் யாருக்கு?

எங்கள் தெரு ஆச்சிக்கு இரண்டு மாதமாக முதியோர் பென்சன் வரவில்லை. விசாரிக்கலாம் என்று அரசு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பென்சன் பிரிவு மாடியில் இருந்தது. ஆச்சி கைப்பிடியைப் பிடித்து ஏறிப் பார்த்து, பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "எய்யா, நீயே போய்க் கேட்டுட்டு வந்திரு" என்றார்.

திரும்பி இறங்கும்போது கீழ்த்தளத்தில் ஒரு பெரிய அறையைப் பார்த்தேன். ஜன்னலை மறைக்கும் உயரத்துக்குக் கோப்புக் கட்டுகள், கால் உடைந்த நாற்காலிகள், ஒரு பழைய டைப்ரைட்டர். நடக்க முடியாதவர்கள் வரும் பிரிவு மாடியில், யாரும் தொடாத காகிதம் கீழே. மனசு ஆறவில்லை.

நானும் 30 வருடம் அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன்தான். இடம் போதவில்லை என்பது உண்மை. 1986-ல் நம் நெல்லை மாவட்டத்திலிருந்து தூத்துக்குடி பிரிந்தது, 2019-ல் தென்காசி பிரிந்தது. நெல்லையில் இடம் மிஞ்சும் என்று நினைத்தோம். மிஞ்சவில்லை. மானூர், திசையன்விளை என்று புது வட்டங்களும் வந்திருந்தன. ஒரு வட்டம் வந்தால் வட்டாட்சியருக்கு ஓர் அறை மட்டும் போதாது. நில அளவை, வட்ட வழங்கல், தேர்தல் பிரிவு, கம்ப்யூட்டர் அறை எல்லாம் வேண்டும்.

ஆனாலும் புதுக் கட்டிடம் கேட்டு எழுதும் முன், முடிந்த கோப்புகளை வைக்கும் பதிவறையைத் திறந்து பாருங்கள் என்பேன். முடித்த கோப்பு ஒவ்வொன்றிலும் அதன் ஆயுளை நாமேதான் எழுதுகிறோம்: ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். கெடு முடிந்ததைப் பட்டியல் எடுத்து, உத்தரவு வாங்கி அழிக்க வேண்டும். பல இடங்களில் நடப்பதில்லை. நாளைக்குத் தணிக்கையிலோ கோர்ட்டிலோ கேட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதனால் பதிவறை எழுத்தரைக் குறை சொல்ல மாட்டேன். அலுவலகத் தலைவர் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும். ஒரு தடவை அப்படி ஒருவர் ஏற்றார். மூன்று சனிக்கிழமை நாலு பேர் உட்கார்ந்தோம். ஓர் அறை முழுதாகக் காலியானது. வராந்தாவில் கிடந்த மேஜைகள் உள்ளே போயின.

நிரந்தரக் கோப்புகள் வேறு விஷயம். 2023 டிசம்பர் மழையில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசையே தாமிரபரணி வெள்ளம் சூழ்ந்ததைப் பார்த்தோமே. ஆற்றங்கரை ஊரில் நில ஆவணங்களைக் கீழ்த்தளத்தில் வைப்பதே தப்பு. கட்டிடம் எவ்வளவு எடை தாங்கும் என்று பொதுப்பணித்துறை பொறியாளரிடம் கேட்டுவிட்டு, அவற்றை மேலே ஏற்றுங்கள். ஜனங்கள் வந்துபோகும் பிரிவுகளைக் கீழே இறக்குங்கள்.

அதற்கு மேலும் இடம் வேண்டுமென்றால் கட்டத்தான் வேண்டும். குளத்தில் மட்டும் வேண்டாம். நம் புதிய பஸ் ஸ்டாண்ட் இருக்கும் இடத்தின் பேரே வேய்ந்தான்குளம். ஊருக்கு வெளியே ரொம்பத் தள்ளியும் வேண்டாம். ராதாபுரம் பக்கமிருந்து ஒரு சான்றிதழுக்காக வருகிறவர் அதற்குமேல் இன்னொரு பஸ்ஸுக்கு நிற்க வேண்டுமா?

வரும் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் இரண்டு மனு கொடுக்கப் போகிறேன். ஒன்று ஆச்சியின் பென்சனுக்கு. இன்னொன்று, அந்தப் பிரிவைக் கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்லி. இரண்டாவதில் கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.