வெற்றிலை காய்கறியா? அகராதி தீர்ப்பு சொல்லாது

“அகராதிப்படி வெற்றிலையும் காய்கறி வகைதான், கோர்ட் அகராதியைத்தான் பார்க்கும்” என்று சோழவந்தான் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல் தவறு.

1961-லேயே, வெற்றிலை வியாபாரி ராமாவதார் தொடுத்த விற்பனை வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை முடித்துவிட்டது. விற்பனை வரி விலக்கு பெற்ற ‘காய்கறி’யில் வெற்றிலை சேராது. சந்தையில் காய்கறி கேட்பவருக்கு யாரும் வெற்றிலைக் கவுளியை நீட்டுவதில்லையே! ஒரு சொல்லுக்குப் பொருள் காண, முதலில் சட்டத்திலுள்ள வரையறை. அது இல்லையென்றால் வாங்குபவரும் விற்பவரும் புழங்கும் பொருள். தாவரவியல் பொருள் அங்கே எடுபடவில்லை. வரி விலக்கு அட்டவணையில் முன்பு காய்கறியோடு வெற்றிலைக்கும் தனி இனம் இருந்ததையும், பிறகு அது நீக்கப்பட்டதையும் நீதிமன்றம் கவனித்தது; வெற்றிலைக்கு விலக்கு தரும் நோக்கம் இல்லை என்பதை அது காட்டியது.

தீர்ப்பை ‘ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்’ என்ற தீர்ப்புத் தொகுப்பில் ஏ.ஐ.ஆர். 1961 எஸ்.சி. 1325 என்ற எண்ணில் படிக்கலாம். இன்றைய வரிக்கு ஜி.எஸ்.டி. அட்டவணையைப் பாருங்கள். அந்தத் தகவலை இனி ஃபார்வர்டு செய்யாதீர்கள்.