டீசல் வேனில் பெட்ரோல் போட்டுவிட்டால்

‘டீசல் வேனில் தவறிப்போய் பத்து லிட்டர் பெட்ரோல் போட்டாலும், மேலே டீசலை நிரப்பி ஓட்டினால் சரியாகிவிடும்’ என்று இங்கே ஒரு அண்ணன் எழுதியிருப்பது பழைய என்ஜின் காலத்துப் பேச்சு. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். இப்போதைய காமன் ரெயில் என்ஜினில் (மிக உயர் அழுத்த டீசலை ஒரே பொதுக் குழாயில் தேக்கி எல்லா சிலிண்டருக்கும் கொடுக்கும் வகை) உயர் அழுத்த பம்புக்கு டீசல்தான் மசகு. பெட்ரோல் கலந்தால் அந்த வழவழப்பு குறைந்து இரும்போடு இரும்பு உரசும்; உதிரும் பொடி, எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வரை போகும். அப்புறம் டேங்க்கைக் கழுவுவதோடு செலவு நிற்காது.

சாவியைத் திருப்பவே கூடாது; திருப்பினாலே பல வண்டிகளில் டேங்க் பம்ப் ஓடத் தொடங்கிவிடும். நிலைய ஊழியரிடம் சொல்லி, நியூட்ரலில் ஓரமாகத் தள்ளிவிட்டு, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலையில் ஏறி வண்டி நின்றுவிட்டால், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி விரைவுச்சாலைக்கு வெளியே கார்ப்பார்க் வரை இலவசமாக இழுத்துப் போகும். அங்கிருந்து பட்டறைக்கு நம் செலவு.