கடைக்காரரால் சரிபார்க்க முடிந்த வேலையிலிருந்து தொடங்குவோம்

சிறு வணிகர்களுக்குச் செயற்கை நுண்ணறிவைக் கற்றுத்தருவதாகச் சொல்லும் அறிவிப்புகள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர வாட்ஸ்அப் குழுக்களில் இப்போது ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. அரை நாள் வகுப்பு, திரையில் வரிசையாக ஓடும் செயலிகளின் பெயர்கள், கடைசியில் ஒரு சான்றிதழ் என்பதே பெரும்பாலானவற்றின் அமைப்பு. இங்கே நம் இந்திய வம்சாவளியினர் மிகுந்த சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில் இதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. எந்த வேலையின் விளைவைக் கடைக்காரர் தம் சொந்த அறிவைக் கொண்டே சில நிமிடங்களில் சரிபார்த்துவிட முடியுமோ, அந்த வேலையை மட்டும் முதலில் கருவியிடம் ஒப்படைக்கலாம். உதவ வருகிறவர் எத்தனை செயலிகளை அறிந்தவர் என்பதைவிட, கடையின் வேலைகளை இந்த அளவுகோலால் பிரித்துக் காட்டத் தெரிந்தவரா என்பதே எனக்கு முக்கியம்.

ஒரு மசாலாக் கடையை எடுத்துக்கொள்வோம். மொத்த வியாபாரிகளிடமிருந்து வரும் பில்களில் சில அச்சிட்டவை, சில கார்பன் தாளில் கிறுக்கியவை. அவற்றைக் கைப்பேசியில் படம் பிடித்து, பொருள், அளவு, விலை எனப் பத்தி பிரித்து அட்டவணையாக்கித் தரும்படி சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றிடம் கேட்டால், மாலை முழுவதும் எடுக்கும் வேலை மிக விரைவில் முடிந்துவிடும். பிழை வராது என்று நான் சொல்லவில்லை. கையெழுத்து மங்கலாக இருந்தால் 1 என்பது 7 ஆகும், பெருஞ்சீரகம் சீரகமாகும். ஆனால் பில்லின் அடியில் கூட்டுத்தொகை இருக்கிறது. அட்டவணையின் கூட்டுத்தொகை அதனோடு பொருந்தவில்லை என்றால் எங்கோ தவறு நடந்திருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். பொருந்தினாலும், இருபது ஆண்டுகளாகச் சீரகம் வாங்கி விற்பவருக்கு அதன் விலை தவறாக இருந்தால் கண்ணில் படாமல் போகாது. கருவியைச் சோதிக்கும் அறிவு அவரிடம் ஏற்கெனவே இருப்பதால் இந்த வேலை பாதுகாப்பானது.

இப்போது அதே கடைக்காரர் அதே கருவியிடம் மதிப்புக் கூட்டு வரியைப் பற்றிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவில் பச்சை மிளகாய்க்கு வரி விகிதம் பூச்சியம். காய்ந்த மிளகாய்க்கும் மிளகாய்த் தூளுக்கும் 15 சதவீதம். மைசூர்ப் பருப்புக்குப் பூச்சியம். அதை வேகவைக்கும்போது போடும் மசாலாவுக்கு 15. பதப்படுத்தாத காய்கறிகளுக்குப் பூச்சிய விகிதம் தரும் சட்டம், உலர்த்தியவற்றை வெளிப்படையாக விலக்கியிருப்பதுதான் காரணம். இத்தகைய கருவிகளை இயக்கும் பொதுவான ஒரு மொழி மாதிரி இந்த வேறுபாட்டைச் சரியாகச் சொல்லவும் கூடும், இந்தியாவின் ஜிஎஸ்டி விகிதத்தை இதில் கலந்துவிடவும் கூடும்; இரண்டையும் அது ஒரே உறுதியான தொனியில்தான் சொல்லும். 2025ஆம் ஆண்டில் நடந்தது இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. வரி விகிதம் மே 1 முதல் 15.5 சதவீதமாக உயரும் என்று நிதியமைச்சர் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார். ஏப்ரல் இறுதியில், நடைமுறைக்கு வரச் சில நாட்களே இருந்த நிலையில், அது கைவிடப்பட்டது. இடைப்பட்ட வாரங்களில் வெளியான எண்ணற்ற செய்திகளும் விளக்கக் கட்டுரைகளும் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. அவற்றைப் படித்து வளர்ந்த கருவி எதைச் சொல்லும் என்று யாரால் உறுதி கூற முடியும்? வரியில் பதிவு செய்யாத கடை வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கவே கூடாது என்ற அடிப்படை விதியைக்கூட, கேட்டால்தான் அது நினைவூட்டும். இங்கே விடையைச் சரிபார்க்கும் அறிவு கடைக்காரரிடம் இல்லை; அந்த அறிவு இருந்திருந்தால் அவர் கேட்டிருக்கவே மாட்டார். (என் பிழைப்புக்காகச் சொல்கிறேன் என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் அதுவும் உண்டு.)

படித்தவர்களுக்கும் இதில் விலக்கில்லை. 2025 ஜனவரியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டிய முன்தீர்ப்புகளில் பெரும்பாலானவை எங்கு தேடியும் கிடைக்கவில்லை. செயற்கை நுண்ணறிவை நம்பி ஆராய்ச்சி செய்வது பற்றி நீதிபதி தம் தீர்ப்பில் கடுமையாகவே எழுதினார். கனடாவில் ஒரு விமான நிறுவனத்தின் இணையதள அரட்டைக் கருவி பயணி ஒருவருக்குத் தவறான கட்டண விதியைச் சொல்லிவிட, அதற்கு நிறுவனமே பொறுப்பு என்று 2024 பிப்ரவரியில் அங்குள்ள தீர்ப்பாயம் முடிவு செய்தது. வாடிக்கையாளர் கேள்விகளுக்கு வாட்ஸ்அப்பில் தானாகப் பதில் அனுப்பும் வசதியை முதல் நாளே பொருத்தித் தருகிறேன் என்று வருகிறவர்களை நான் ஐயத்துடன் பார்ப்பதற்கு இதுவே காரணம். பதிலைக் கருவி எழுதட்டும். கடைக்காரர் படித்துப் பார்த்த பின் அனுப்பட்டும். நூறு ராண்ட் பொருளைப் பத்து ராண்டுக்குத் தருவதாகக் கருவி வாக்களித்துவிட்டால், கல்லாவுக்கு முன்னால் வந்து நிற்கும் வாடிக்கையாளருக்கு விடை சொல்ல வேண்டியவர் அவர்தான்.

மொழிப் பிரச்சினையும் இதே அளவுகோலுக்குள் வருகிறது. டர்பன் இருக்கும் குவாசுலு நட்டால் மாகாணத்தில் நம் கடைகளுக்கு வருபவர்களில் பலர் ஜூலு பேசுபவர்கள். விலைப்பட்டியலையும் சலுகை அறிவிப்பையும் ஜூலுவில் எழுதித் தரக் கருவியால் முடியும். ஆனால் நம் கடைக்காரர்களில் பலரது ஜூலு பேச்சோடு நின்றுவிடுவது, எழுத்துக்கு எட்டாதது. அப்படியானால் அந்த அறிவிப்பைச் சரிபார்க்கத் தகுதியானவர் கடையில் வேலை செய்யும் ஜூலு ஊழியரே. வகுப்புகளுக்கு முதலாளிகளை மட்டும் அழைக்கும் வழக்கம் இதனாலேயே எனக்குப் பிடிப்பதில்லை. ஜோகன்னஸ்பர்க்கின் லெலாபா ஏஐ நிறுவனம் ஜூலு, கோசா உட்பட ஐந்து ஆப்பிரிக்க மொழிகளுக்காக இன்குபாஎல்எம் என்ற சிறிய மொழி மாதிரியை 2024இல் வெளியிட்டிருப்பது நல்ல தொடக்கம். எனினும், கல்லாவில் நிற்கும் பெண் அறிவிப்பைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாளா இல்லையா என்பதைவிட நம்பகமான சோதனை இன்னும் வரவில்லை.

சரக்குக் கணிப்பிலும் கடைக்காரரின் அறிவு முன்னால் நிற்க வேண்டும். புரட்டாசி மாதத்தில் நம் வீடுகள் பலவற்றில் இறைச்சி கிடையாது. காய்கறி, பருப்பு, கற்பூரம் எல்லாம் கூடுதலாகப் போகும். மாதம் ஆங்கில நாட்காட்டியில் செப்டம்பரின் நடுவில் தொடங்கி அக்டோபரின் நடுவில் முடிவதால், செப்டம்பர், அக்டோபர் எனத் தனித்தனியாகக் கூட்டிய விற்பனைக் கணக்கில் அந்த ஏற்றம் இரண்டாகப் பிளந்து மறைந்துபோகும். அதைக் கருவிக்குச் சொன்னால் அது பயன்படுத்திக்கொள்ளும்; சொல்லாவிட்டால் தானாக ஊகிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எந்த நிலையிலும் கருவியிடம் காட்டக் கூடாத ஒன்று கடன் நோட்டு. யார் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார், எந்த வீட்டில் இருக்கிறார், யாருடைய ஓய்வூதியம் என்று வருகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. ஒரே ஆள் நடத்தும் கடைக்கும் அது பொருந்தும், அந்தக் கடையில் இதற்குப் பொறுப்பான தகவல் அதிகாரி அதன் உரிமையாளரே. இலவசக் கணக்கில் ஏற்றும் படம் எந்த நாட்டுக் கணினிக்குப் போகிறது, கருவியைப் பயிற்றுவிக்கப் பயன்படுகிறதா என்பதைக் கடைக்காரர் அறிய மாட்டார். சட்டத்தை விடுங்கள், தம் பெயர் அந்த நோட்டில் இருப்பதை அடுத்த தெருவுக்குத் தெரியாமல் காப்பாற்றுகிற கடை என்பதால்தான் பலர் அங்கே வாங்குகிறார்கள்.

செலவைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. சாட்ஜிபிடியின் பிளஸ் என்ற கட்டணச் சேவை மாதம் 20 டாலர், ராண்டின் மதிப்புக்கேற்ப அது ஏறி இறங்கும். பில் படிக்கும் வேலையைத் தொடங்க இலவசச் சேவையே போதும். அதைவிடக் கவனிக்க வேண்டியது கணக்கு யாருடைய மின்னஞ்சலில் திறக்கப்படுகிறது என்பது. விடுமுறைக்கு வந்த பேரன் தன் மின்னஞ்சலில் எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்துவிட்டு ஜோகன்னஸ்பர்க்குக்குத் திரும்பிவிடுவான். அதன் பின் கடவுச்சொல் கேட்டுத் தாத்தா தொலைபேசியில் மன்றாடிக்கொண்டிருப்பார்.

நம் வணிகர் சங்கங்களும் கோயில் குழுக்களும் மண்டப வாடகைக்கும் பேச்சாளருக்கும் கொடுக்கும் பணத்தை, கணக்கியலோ கணினியோ படிக்கும் உள்ளூர் மாணவர்களுக்கு மணிக்கணக்கில் கூலியாகக் கொடுக்கலாம் என்பது என் யோசனை. ஒரு மாணவர் ஒரு கடைக்கு மூன்று மாதங்கள், வாரம் ஒருமுறை செல்ல வேண்டும். கூலியின் பாதியை வாராவாரம் கொடுத்துவிட்டு, மாணவர் பக்கத்தில் இல்லாமலேயே கடைக்காரரும் ஊழியரும் ஒரு மாதத்தின் கொள்முதல் அட்டவணையைத் தாமே முடித்துக் காட்டிய பிறகு மீதிப் பாதியைக் கொடுக்க வேண்டும்.