நெல்லிக்கனி தெரியும், மரத்துக்குப் போகும் வழி?

அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியைச் சொல்லாமல் தருமபுரியில் ஓர் இலக்கிய மேடை முடியாது. ஏற அரிதான மலைப் பிளவில் கிடைத்த கனி என்கிறது புறநானூறு 91ஆம் பாட்டு. அந்த மலையில் ஏறத் தெரிந்தவர்கள் நம் எழுத்தில் எங்கே? பல நாளாக மனசில் கிடந்ததை இன்று எழுதிவிடுகிறேன்.

போன மாதம் அஞ்செட்டிப் பக்கம் ஓர் இருளர் காலனிக்குப் போயிருந்தேன். காட்டுக்குள் இருந்த ஊரை விட்டுக் கீழே வந்து ரொம்ப வருஷமாகிவிட்டது. ஒரு பாட்டி கிழங்கு தோண்டும் கம்பியை எடுத்துக் காட்டினார். முனை ஒரு பக்கமாகத் தேய்ந்து பளபளவென்று இருந்தது. "கவலைக் கிழங்கோ நூரையோ, முழுசாப் பிடுங்கிடக் கூடாது கண்ணு. தலையை மண்ணுல வெச்சு மூடணும். அடுத்த வருஷம் வேணுமில்ல?" என்றார். இப்போது துணிக்கொடிக்குக் கம்பம் நடத்தான் அந்தக் கம்பியை எடுக்கிறார்களாம். மலைத்தேன், கொம்புத்தேன், பொந்துத்தேன், கொசுத்தேன் என்று அவர் பிரித்துப் பிரித்துச் சொன்னபோது, 'தேன்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் கவிதை எழுதியிருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது.

ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' 2004இல் வந்தது. ஈரோட்டு மலைச் சோளகர் பழங்குடிகளுக்கு அப்படி ஒரு நாவல் கிடைத்தது. நம் மாவட்டத்தில் என்ன நடக்கவில்லை? 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் பழங்குடிக் கிராமமான வாச்சாத்திக்குள் நுழைந்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். 2011இல் 215 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு, 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்கள் சாட்சிக்கூண்டில் பேசிய அளவுக்குக்கூட நம் கதைகளில் பேசவில்லை. பேசினாலும் அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும்தான். அதற்கு முந்தின நாள் அங்கே என்ன சமைத்தார்கள், யாருக்குக் கல்யாணம் பேசினார்கள்? யாரும் கேட்கவில்லை. பாதிக்கப்பட்டவர் என்ற ஒரு வேடத்தைத் தவிர மலைவாழ் மக்களுக்கு வேறெதையும் கொடுக்க நமக்கு மனசு வரவில்லை.

2006 வன உரிமைச் சட்டம் தேனும் கிழங்கும் எடுக்கும் உரிமையைத் தருகிறது. உரிமை தாளில் இருக்கிறது, கம்பி வாசலில் கிடக்கிறது. இந்த இடைவெளி ஒரு நாவலுக்குப் போதாதா?

பாட்டியின் பேத்தி பிளஸ் டூ படிக்கிறாள். பாட்டி சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். "எங்க பேச்சுலயே எழுதினா தப்பாக்கா? மிஸ் சிவப்பு மையில அடிச்சுடுவாங்க" என்று கேட்டாள். அப்படியே எழுது என்றேன். ஞாயிற்றுக்கிழமை நான்கு பக்கம் அனுப்பியிருக்கிறாள். பாதி வார்த்தை எனக்குப் புரியவில்லை. அவளிடமே கேட்டுப் படித்துக்கொண்டிருக்கிறேன்.