கழுத்தைப் பார்க்காதீர்கள், துடுப்பைப் பாருங்கள்

போன கிழமை ஒரே வீடியோ நாலு பேரிடமிருந்து எனக்கு வட்ஸ்அப்பில் வந்தது. ஏதோ ஒரு கடற்கரை. அழுகிப்போன பெரிய உடல், சின்னத் தலை, நீண்ட கழுத்து. "டைனோசர் இன்னும் கடலில் உயிரோடு இருக்கிறது" என்று கீழே எழுதியிருந்தார்கள். அடுத்த நாள் ரியூசனில் உயர்தரப் பிள்ளை ஒருத்தி அதையே கேட்டாள். "ரீச்சர், இது பிளீசியோசராம். உண்மையோ?"

இல்லை என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். முடிக்க மனம் வரவில்லை. கடலைப் பார்த்தே வளர்கிற எங்கள் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு இந்த விலங்கு ஒரு பேய்க்கதையாகப் போய்ச் சேருவது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில் ஒன்று. பிளீசியோசர் டைனோசர் இல்லை. டைனோசர் வாழ்ந்த அதே காலத்தில் கடலில் வாழ்ந்த வேறொரு ஊர்வனக் கூட்டம் அது. ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பே உலகக் கடல்களில் பரவியிருந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து கடலின் உணவுச் சங்கிலி அறுந்தபோது டைனோசர்களோடு சேர்ந்து முடிந்துபோனது.

சரி, வீடியோவில் இருந்தது என்ன? அது எந்தக் கரை என்று யாரும் எழுதவில்லை, ஆகவே அந்த உடலைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் இப்படி ஒன்று 1977 இல் நடந்தது. நியூசிலாந்துக்கு அப்பால் ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் ஒன்றின் வலையில் பத்து மீற்றர் நீளமான அழுகிய உடல் சிக்கியது. பார்த்தவர்கள் பிளீசியோசர் என்றே நினைத்தார்கள். நாற்றம் தாங்காமல் உடலைத் திரும்பக் கடலில் போட்டுவிட்டார்கள். நல்லகாலம், அதற்கு முன் படம் எடுத்து, செட்டையிலிருந்து கொஞ்சம் நாரும் வெட்டி வைத்திருந்தார்கள். அதைச் சோதித்தபோது சுறாவின் இழையத்தோடு ஒத்துப்போனது. பெரிய சுறா அழுகும்போது தாடையும் செவுள்களும் முதலில் கழன்று விழுந்துவிடும். மிஞ்சுவது சின்ன மண்டையும் நீண்ட முள்ளந்தண்டும். அதைத்தான் நாங்கள் கழுத்து என்று பார்க்கிறோம்.

இந்தக் கழுத்து முதல் நாளிலிருந்தே மனிதரைக் குழப்பித்தான் வந்திருக்கிறது. 1823 இல் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் மேரி அனிங் என்ற பெண் முதன்முதலாக ஒரு முழு எலும்புக்கூட்டைத் தோண்டி எடுத்தாள். ஏழைக் குடும்பம். கரையில் கிடைக்கும், கல்லாகிப்போன பழைய உயிர்ச்சுவடுகளை விற்றுச் சீவித்தவள். அந்தக் கழுத்தின் நீளத்தைக் கேள்விப்பட்ட பெரிய விஞ்ஞானி குவியே, இது பொய்யாக ஒட்டவைத்ததோ என்று சந்தேகப்பட்டார். எலும்பு உண்மை, அவர்தான் பிறகு ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. 1824 இல் லண்டன் புவியியற் கழகத்தில் அதைப் பற்றிப் பெரிய கூட்டம் நடந்தது. பெண் என்பதால் கழகத்தில் மேரிக்கு இடமில்லை. இதை வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அமெரிக்காவில் எட்வேர்ட் கோப் என்ற விஞ்ஞானி அதைவிட ஒரு படி மேலே போனார். எலாஸ்மோசரஸ் என்ற பிளீசியோசரின் எலும்புகளை அடுக்கி, தலையைக் கொண்டுபோய் வாலின் நுனியில் வைத்துவிட்டார்! கழுத்தை அவர் வால் என்று நினைத்தார். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்களுக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் ஏழே முள்ளெலும்புகள். எலாஸ்மோசரஸுக்கு 72.

அந்தக் கழுத்தை அன்னம் போலத் தூக்கிக்கொண்டு அது நீந்தியிருக்கவும் முடியாது. முள்ளெலும்புகள் நெருக்கமாக அடுக்கப்பட்டவை. அவ்வளவு பாரத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கினால், ஊன்றிக்கொள்ளத் தரையில்லாத உடல் கீழே அமிழும். ஆனாலும் ஸ்கொட்லாந்தின் நெஸ் ஏரியில் இருப்பதாகச் சொல்லப்படும் விலங்கு, பேர்போன அந்தப் படத்தில் அப்படித்தான் நிற்கிறது. 1934 இல் வெளிவந்த அந்தப் படம், விளையாட்டு நீர்மூழ்கிக் கப்பலில் செய்த தலையைப் பொருத்தி எடுத்தது என்று 1994 இல் வெளியானது. அந்த ஏரியோ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்வரை பனிக்கட்டி மூடிக் கிடந்த இடம்.

என்னைக் கேட்டால், இந்த விலங்கின் அதிசயம் கழுத்தில் இல்லை. துடுப்பில் இருக்கிறது.

நான் பத்து வயதாக இருக்கும்போது சல்லிக் கரையில் ஒரு ஆமை செத்து ஒதுங்கிக் கிடந்தது. பல நாள் வெயில் பட்டு முன் துடுப்பின் தோல் உரிந்திருந்தது. மாமா குனிந்து கரைவலைத் தடியால் அதை மெல்லத் திருப்பினார். "இஞ்ச பார் பிள்ளை, எங்கட கை மாதிரித்தான்." உள்ளே வெள்ளை வெள்ளையாக எலும்புகள். மேற்கை ஒன்று, முன்கை இரண்டு, மணிக்கட்டில் சின்னச் சின்னக் கல் போல, பிறகு விரல்கள். எண்ணிப் பார்த்தேன், ஐந்து. என் கையை அதன் பக்கத்தில் விரித்து வைத்தேன். உயிரியல் படிக்க வேண்டும் என்று நான் முடிவெடுத்தது அன்றைக்குத்தான்.

பிளீசியோசரின் துடுப்பிலும் அதே ஐந்து விரல்தான். ஆனால் எங்கள் நடுவிரலில் மூன்று எலும்பு என்றால், அதன் நீண்ட விரல்களில் பத்துக்கு மேல். கை அழியவில்லை, நீண்டு துடுப்பாகிவிட்டது. கரையில் நடந்த ஊர்வனவற்றின் வழிவந்தவை கடலுக்குத் திரும்பியதற்கு எழுதிவைத்த சாட்சி அது. எங்கள் துறைமுகத்துக்கு வெளியே ஆழக்கடலில் தெரியும் நீலத் திமிங்கிலத்துக்குள்ளும் இதே கதை இருக்கிறது. அதன் மூதாதையர் நாலு காலில் நடந்த பாலூட்டிகள். 5 கோடி ஆண்டுப் பழைய அந்த எலும்புகள் பாகிஸ்தானில் கிடைத்திருக்கின்றன. திமிங்கிலத்தின் விரல்களிலும் எலும்புகள் கூடியிருக்கின்றன. நெருங்கிய உறவில்லாத இரண்டு கூட்டம், ஒரே கடல், ஒரே விடை. கூர்ப்பு (பரிணாமம்) என்றால் ஏணிப்படி என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் நான் காட்டுவேன். ஏறிய உயிர் இறங்கவும் செய்யும், இறங்குவது தோல்வியும் இல்லை.

இன்னும் ஒன்று. புறாத்தீவுப் பக்கம் ஆமை நீந்துவதைப் பார்த்திருப்பீர்கள். முன் துடுப்பு இரண்டையும் பறவை இறக்கை அடிப்பதுபோல ஒன்றாக அடிக்கும். பின் துடுப்பு திசை திருப்பத்தான். பிளீசியோசருக்கு நாலும் இறக்கை. இப்படி நீந்தும் விலங்கு இன்றைக்கு உலகில் ஒன்றுகூட இல்லை. 2017 இல் இங்கிலாந்தில் ஆராய்ச்சியாளர்கள் துடுப்பு மாதிரிகள் செய்து தண்ணீரில் அடிக்கவிட்டுப் பார்த்தார்கள். முன் துடுப்பு கிளப்பும் சுழிகளைப் பின் துடுப்பு சரியான நேரத்தில் பிடித்துக்கொண்டால், பின் துடுப்பின் உந்துவிசை 60 சதவீதம் வரை கூடியது. அப்படி ஒரு பொறிமுறையை இயற்கை செய்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் ஓட்டி, பிறகு முற்றாக இழந்தும்விட்டது.

அப்புறம் குட்டி. ஆமை கரையேறி ஏறக்குறைய நூறு முட்டை இட்டுவிட்டுப் போகும். பிளீசியோசர் கரையேறவே இல்லை. அமெரிக்காவின் கன்சாஸில் கிடைத்து 2011 இல் விவரிக்கப்பட்ட பொலிகொற்றிலஸ் என்ற வகைப் பிளீசியோசர்த் தாயின் வயிற்றுக்குள் ஒரு கரு இருந்தது. ஒன்றே ஒன்று, அதுவும் தாயின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. நூறு குஞ்சுகளைக் கடலிடம் கொடுத்துவிட்டுப் போவது ஒரு வழி, ஒரே குட்டியை இவ்வளவு பெரிதாக வளர்த்துப் பெறுவது இன்னொரு வழி. பெற்ற பிறகு அதைக் கூட்டிக்கொண்டு திரிந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். இதையா ராட்சதன் என்று போட்டுப் பகிர்கிறோம்?

"எங்கட கோணேசர் மலையிலும் கிடைக்குமோ ரீச்சர்?" என்று வகுப்பில் கேட்டார்கள். கிடைக்காது. எங்கள் பாறைகள் ஆழத்தில் வெந்து உருமாறியவை, 50 கோடி ஆண்டுக்கும் மேல் பழையவை, பிளீசியோசர் பிறப்பதற்கு எவ்வளவோ முந்தியவை. ஆனால் அக்கரையில் அரியலூரில் டைனோசர் காலக் கடலின் அடித்தளம் இன்றைக்குத் தரையாகக் கிடக்கிறது, அம்மோனைற்று என்ற பழங்காலக் கடலுயிரின் சுருள் சுருளான ஓடுகளோடு. என் பிள்ளைகளை ஒருநாள் அங்கே கூட்டிப்போக வேண்டும்.

அதுவரை, கரையில் ஏதாவது பெரிதாக ஒதுங்கினால் கழுத்தைப் படமெடுத்து அனுப்பாதீர்கள். துடுப்பை எடுத்து அனுப்புங்கள். நார் நாராகப் பிரிந்தால் சுறா. விரல் எலும்பு தெரிந்தால் ஆமையோ ஓங்கில் என்கிற டொல்பினோ திமிங்கிலமோ. தொடாமல், பக்கத்தில் உங்கள் கையை விரித்து வைத்து எடுங்கள். நான் எண்ணிச் சொல்கிறேன்.