எச்சிலும் பேரீச்சையும்

2024 மார்ச்சில் 'டூன்' என்ற ஹாலிவுட் படத்தின் இரண்டாம் பாகம் வெளியானபோது தஞ்சாவூருக்குப் போய்ப் பார்த்தேன். அதற்கு முந்தைய ஆண்டு மேட்டூர் அணை ஜூன் 12 அன்றே திறக்கப்பட்டும், அக்டோபரிலேயே மூடப்பட்டுவிட்டது. எங்கள் கடைமடையில் குறுவை கருகிப்போனது. அந்த வயிற்றெரிச்சலோடு பாலைவனக் கிரகத்துப் படத்துக்குப் போனவன் நேராகவா பார்த்திருப்பான்? கோணலாகத்தான் பார்த்தேன்.

முதல் பாகத்தில் ஒரு காட்சி. அந்தப் பாலைவனத்தின் பூர்வகுடிகளான ஃப்ரெமன்களின் தலைவன் ஸ்டில்கர், கிரகத்தை ஆள வந்த பிரபுவின் மேசை மீது எச்சில் துப்புகிறான். காவலர்கள் துடித்தெழுகிறார்கள். உடம்பின் ஈரத்தையே கொடுத்து மரியாதை செய்கிறான் என்று விளக்கம் வருகிறது. பிரபுவும் பதிலுக்குத் துப்புகிறார். எங்கள் அப்பாயிக்கு இந்த விளக்கம் தேவைப்பட்டிருக்காது. கோடையில் மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் அள்ளிக் குடம் நிரப்பியவள் அவள்.

இயக்குநர் டெனி வில்நெவ்வுக்குத் தாகம் தெரிந்திருக்கிறது. ஆனால் தாகத்தோடு வாழ்கிறவர்களைத் தெரிந்திருக்கிறதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

வெளியிலிருந்து வந்த அந்தப் பிரபுவின் மகன் பால், ஃப்ரெமன்களின் இரட்சகனாகிறான். 1965-இல் வெளிவந்த மூல நாவலை ஃப்ராங்க் ஹெர்பெர்ட் எழுதியதே இப்படிப்பட்ட இரட்சகர்களை நம்பாதீர்கள் என்று எச்சரிக்கத்தான். படமும் அதை மறைக்கவில்லை. இரட்சகன் வருவான் என்ற தீர்க்கதரிசனமே பெனி ஜெசரிட் என்ற பெண்கள் அமைப்பு திட்டமிட்டு விதைத்தது. நான் அவன் இல்லை என்று பால் மறுத்தால், என்ன அடக்கம், அப்படியானால் அவனேதான் என்கிறான் ஸ்டில்கர். அரங்கமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே எங்கள் ஊர் பேனர்களும் நினைவுக்கு வந்தன. மேட்டூரில் பொத்தானை அழுத்திப் பூத்தூவியவர் காவிரியையே பெற்றெடுத்தவர் போல அச்சாகியிருப்பார். பாசனத் தண்ணீர் எங்கள் வாய்க்காலை எட்டுவதற்குள் பேனர் வெளுத்துவிடும்.

பாலின் காதலியான ஃப்ரெமன் பெண் சானி நாவலின் முடிவில் அவன் பக்கமே நிற்கிறாள்; படத்தில் மண்டியிடாமல் வெளியேறுகிறாள். நல்ல மாற்றம்தான். ஆனாலும் இரண்டு பாகமும் கேமரா பாலின் முகத்தை விட்டு நகரவே மனமில்லாமல் இருந்துவிட்டு, கடைசியில் அவளிடம் வந்து நிற்கிறது.

இரட்சகனைக் குறிக்க மஹ்தி, லிசான் அல் கைப் என்று அரபு மொழியிலிருந்து சொற்களைத் தாராளமாக எடுத்துக்கொண்டவர்கள், நாவலில் பக்கத்துக்குப் பக்கம் வரும் 'ஜிஹாத்' என்ற சொல்லைக் கண்டு ஒதுங்கி, 'புனிதப் போர்' ஆக்கிவிட்டார்கள். ஸ்டில்கராக நடித்தவர் ஸ்பெயின்காரரான ஹாவியர் பார்டெம். அருமையாக நடித்திருக்கிறார். இருந்தாலும் சொற்களை அரபியிலிருந்தும் தலைவனை ஸ்பெயினிலிருந்தும் எடுத்தால் கணக்கு இடிக்கிறது.

என்னை அதிகம் உறுத்தியது வேறு. இரண்டாம் பாகத்தில் இறந்தவர்களின் உடல் நீரைச் சேர்த்துவைத்த பெருங்குளம் ஒன்று காட்டப்படுகிறது. தாகத்தால் செத்தாலும் யாரும் அதைத் தொடமாட்டார்களாம். ஃப்ரெமன்களுக்குள் வடக்கு, தெற்கு என்று பிளவு உண்டு. அதுவும் நம்பிக்கையில்தான், தண்ணீரில் இல்லை. ஒரு வாய்க்கால் தகராறு கிடையாது! டெல்டாவில் ஒருவரும் இதை நம்பமாட்டார்கள். தலைமடைக்காரர் ஷட்டரை ஒரு சாண் இறக்கினால் கடைமடையில் நாற்றங்கால் காயும். முறைத் தண்ணீருக்காக நள்ளிரவில் மண்வெட்டியும் டார்ச் விளக்குமாகக் காவல் இருந்தவர்களுக்கு, மதகைத் திறந்து மூடும் பணியாளரான லஸ்கரின் ஒரு முறைப்பில் எவ்வளவு அரசியல் இருக்கிறது என்பது தெரியும். ஒரு மக்களைத் தூக்கிவைப்பதாக நினைத்து, அவர்களுடைய சண்டைகளையெல்லாம் பிடுங்கிவிட்டால், மிஞ்சுவது கூட்டம். கூட்டத்துக்கு இரட்சகன் சுலபமாகக் கிடைப்பான்.

ஹாலிவுட்டை மட்டும் சொல்வானேன்? நம் படங்களில் 'விவசாயி' என்றால் துண்டு போட்ட ஒருவர் ஈரக் கண்ணோடு வானத்தைப் பார்ப்பார். அவர் வயலில் குனிந்து நடவு செய்யும் பெண் யார், அவளுக்கு அரைக்காணி நிலமாவது உண்டா என்று கேமரா திரும்பாது. கூலி கேட்டவர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் 1968-இல் கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்டதும் இதே டெல்டாவில்தான்.

முதல் பாகத்தில் அரண்மனைத் தோட்டக்காரர் ஒருவர் வருகிறார். அவருக்குப் பெயர் இல்லை. இருபது பேரீச்சை மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். ஒவ்வொன்றும் தினமும் ஐந்து ஆட்களின் தண்ணீரைக் குடிக்கிறது என்கிறார். ஆக, நூறு உயிர். எடுத்துவிடலாமா என்று பால் கேட்டால், வேண்டாம், இவை புனிதமானவை என்கிறார். தன் தாகத்துக்கு மேல் ஒரு மரத்தை வைத்திருக்கும் அந்தக் கிழவரோடு உட்கார்ந்து பேச எனக்கு ஆயிரம் இருந்தது. நகரம் தாக்கப்படும் இரவில் மரங்கள் எரிவதைப் பெரிதாகக் காட்டினார்கள். நான் அந்தத் தீ வெளிச்சத்தில் அவரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.